கிரேக்க மூலப் பாடமும் ‘நீக்கப்பட்ட’ வசனங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய வேதாகம மொழிபெயர்ப்புகள் வசனங்களை வேண்டுமென்றே நீக்கிவிட்டன என்ற குற்றச்சாட்டு பினாங்குத் தமிழ்ச் சபைகளிலும் எழுவதால் இதனை எழுதுகிறேன்.

பழைய மொழிபெயர்ப்புகள் பலவற்றுக்கு அடிப்படையான கிரேக்கப் பாடம் (மூல வாசகம்), எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் தம் கைக்கு எட்டிய சில பிற்காலக் கையெழுத்துப் படிகளைக் கொண்டு 1516இல் பாசெல் நகரில் வெளியிட்ட பதிப்பிலிருந்து வளர்ந்ததாகும். வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தலின் இறுதி வசனங்கள் அவரிடமிருந்த படியில் இல்லாததால், லத்தீனிலிருந்து அவரே அவற்றைக் கிரேக்கத்தில் ஆக்கிச் சேர்த்தார். 1 யோவான் 5:7இல் பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைக் குறிக்கும் தொடரை முதல் இரு பதிப்புகளில் விட்டுவிட்ட அவர், எதிர்ப்பு கிளம்பிய பின் 1522இல்தான் சேர்த்தார். சினாய், வத்திக்கான் எனப்படும் நான்காம் நூற்றாண்டுக் கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அத்தொடர் இல்லை. மாற்கு 16:9-20 பகுதியும் அவற்றில் இல்லை. ஆயினும் புதிய பதிப்புகள் பலவும் அதனைக் குறிப்புடன் அச்சிடவே செய்கின்றன. மறைக்க நினைப்பவர் அடிக்குறிப்பு எழுதுவாரா?

பழைய படியே எப்போதும் சரி என்று நானும் கருதவில்லை. எண்ணிக்கையில் மிகுந்த பைசாந்தியப் படிகளை (பெரும்பாலும் பிற்காலத்தில் எழுதப்பட்ட கிரேக்கப் படிகளை) ஆதரிக்கும் அறிஞர்களின் வாதம் எடைபோடத்தக்கதே. ஆனால் மேற்கண்ட யோவான் தொடர் அப்படிகளிலும் பெரும்பாலும் இல்லை என்பதை நம் போதகர்கள் சபையாருக்குச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு