மாஹா கேட்ட அவகாசம்

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் சுகம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை.

உன் உரைக் குறிப்பைப் படித்தேன். பழைய அயர்லாந்தில் தாய்வழி ஆட்சியாம்! இன்னும் அதே கட்சியா நீ? சங்கரன் சார் பார்த்தால் சிவப்பு மைப் புட்டியையே கவிழ்த்திருப்பார்.

கதைகளில் தாய் பெயர் நிறைய வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே அல்ஸ்டர் நாட்டு அரசன் கொன்கோபாருக்கு நெஸ்ஸின் மகன் என்றுதான் பெயர். பக்கத்துக் கானக்ட் நாட்டு ராணி மேவின் கணவன் அலில், தாய் மாத்தாவைச் சொல்லித்தான் அந்த அரசுரிமையையே கேட்கிறான். ஆனால் சட்டத்தில் நிலமும் பட்டமும் ஒரே கொள்ளுத்தாத்தாவின் ஆண்வழி வாரிசுகளுக்குள்தானே சுற்றின? அம்மா இனிஷியல் போட்டால் வீட்டுப் பத்திரம் அம்மா பேரில் வந்துவிடுமா, சொல்லு.

நெஸ்ஸையே எடுத்துக்கொள். அப்போதைய அல்ஸ்டர் அரசன் ஃபெர்கஸ் பெண் கேட்டு வந்தபோது, தன் மகன் ஓராண்டு ஆள வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். பொன்னும் வெள்ளியும் கொடுத்து வீரர்களை வளைத்தாள். வருஷம் முடிந்ததும் ஊரே ஃபெர்கஸ் வேண்டாம் என்றது. ஆளும் உரிமை கையில் இருந்தவளுக்கு இவ்வளவு சூழ்ச்சி எதற்கடி?

நீ ஒரே வரியில் தாண்டிப் போன மாஹாதான் என்னைத் தூங்கவிடவில்லை. என் மனைவி அரசன் குதிரைகளை முந்துவாள் என்று புருஷன் சபையில் பீற்றிக்கொள்கிறான். அவளோ நிறைமாதம். பிரசவம் ஆகட்டும், பிறகு ஓடுகிறேன் என்கிறாள். அரசன் மசியவில்லை. உங்களையும் ஒரு தாய்தானே பெற்றாள் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்கிறாள். ஒருவனும் வாய் திறக்கவில்லை. ஓடி ஜெயித்து, பந்தய முடிவிலேயே இரட்டைப் பிள்ளை பெற்று, அல்ஸ்டர் ஆண்களுக்கு ஆபத்து வரும்போதெல்லாம் பிரசவ வலி வரட்டும் என்று ஒன்பது தலைமுறைக்குச் சாபமிட்டாள். அதனால்தான் மேவ் படையெடுத்தபோது அத்தனை வீரர்களும் படுக்கையில் சுருண்டு கிடக்க, கூஹுலின் ஒருவன் மட்டும் எதிர்த்து நின்றான். அல்ஸ்டரின் அர்மா ஊர் அருகே ஒரு குன்று ஐரிஷ் மொழியில் இன்றும் அவள் பெயரில்தான் இருக்கிறது. உரையை இவளிடமிருந்து தொடங்கு.

அப்புறம், ஏழாம் மாதத்திலும் கவிதாவுக்கு நைட் ஷிஃப்ட் என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன கூத்து? கேட்டால் இந்த ஒரு வாரம் மட்டும் என்கிறார்களாம். அவள் மாமியாரும் சும்மா இருக்கிறாரா? அவளை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொல். கத்துவதற்கு ஆள் வேண்டுமென்றால் நான் போன் செய்கிறேன், நம்பர் அனுப்பு. வளைகாப்பு எந்த ஞாயிறு?

உன்,
ராஜி