ஓட்டும் முன்பே சிமுலேட்டர் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

குவாண்டம் சிமுலேட்டரை (குவாண்டம் கணினியைச் சாதாரணக் கணினியில் போலச் செய்துகாட்டும் மென்பொருள்) வேதியியல், பொருளறிவியல் ஆய்வாளர்களுக்கும் எளிதாக்கும் பேச்சு வந்தாலே, இழுத்துப் போட்டு சர்க்யூட் (கணக்கின் படிகளைக் காட்டும் வரைபடம்) வரையும் திரையைத்தான் அதை எழுதும் எங்களைப் போன்றோர் காட்டுகிறோம். திரை நல்லதுதான். ஆனால் புதியவர் இடறி விழுவது அங்கே அல்ல.

முதல் இடறல் நினைவகம். முழு நிலைத் திசையனையும், அதாவது கியூபிட்டுகளின் (குவாண்டம் பிட்டுகளின்) 0-1 சேர்க்கை ஒவ்வொன்றுக்கும் ஒரு கலப்பெண் கொண்ட பட்டியலை, வைத்துக் கணக்கிடும்போது, கியூபிட் ஒன்று கூடினால் தேவை இரட்டிக்கும். ஒரு கலப்பெண்ணுக்கு 16 பைட் என்பதால் 20 கியூபிட்டுக்கு 16 எம்பி போதும். 28க்கு 4 ஜிபி, 30க்கு 16 ஜிபி. அதாவது 16 ஜிபி மடிக்கணினியில் 28 வரை நிம்மதி, 29 இழுபறி, 30 ஓடாது. கலப்பெண்ணுக்கு 8 பைட் மட்டும் எடுக்கும் ஒற்றைத் துல்லியத்துக்கு இறங்கினாலும் ஒரே ஒரு கியூபிட்தான் லாபம்.

இரைச்சலை (உண்மைக் கருவியில் நேரும் பிழைகளை) சேர்த்தால் கதையே வேறு. நீர் மூலக்கூறை எஸ்டிஓ-3ஜி என்ற சிறிய அடிப்படைத் தொகுதியில் (எலெக்ட்ரான்களை விவரிக்கும் சார்புகளின் தொகுப்பு), எலெக்ட்ரான் கணக்கைக் கியூபிட் கணக்காக மாற்றும் ஜோர்டன்-விக்னர் முறையில் எழுதினால் 14 கியூபிட். இரைச்சலின்றி 256 கேபி. இரைச்சலையும் சேர்த்துப் பதியும் அடர்த்தி அணியில், கியூபிட் இரட்டித்தது போலாகி, அதே மூலக்கூறு 4 ஜிபி கேட்கும்! இரைச்சலை ஒவ்வொரு ஓட்டத்திலும் தற்செயலாகப் புகுத்திச் சராசரி எடுக்கும் முறையில் நினைவகம் பழையபடி சுருங்கும், ஓட்டங்கள்தான் பெருகும். இந்தக் கணக்கை ஆய்வாளர் ஏன் போட வேண்டும்? சர்க்யூட்டைப் பார்த்து, பொத்தானை அழுத்துமுன் மென்பொருளே சொல்லலாம். ஹடமார்டு, எஸ், சிநாட் என்ற வாயில்கள் (கியூபிட்டின் மேல் செய்யும் அடிப்படைச் செயல்கள்) மட்டுமே இருந்தால் ஆயிரம் கியூபிட்டும் சாதாரணக் கணினியில் ஓடும் என்பதையும் சேர்த்து.

அடுத்தது, ஓசையில்லாமல் தவறாகிற ஒன்று: பிட் வரிசை. மூன்று கியூபிட்டில் 0ஆம் எண்ணுள்ளதை மட்டும் 1ஆகப் புரட்டினால், கிஸ்கிட் என்ற குவாண்டம் நிரல் தொகுப்பு வலமிருந்து எண்ணி 001 என்று காட்டும், சிர்க் என்ற மற்றொன்று இடமிருந்து எண்ணி 100 என்று காட்டும். இரண்டும் சரியே. ஒன்றில் எழுதியதை மற்றதற்கு மாற்றுபவருக்குப் பிழைச் செய்தி எதுவும் வராது; விடை மட்டும் தலைகீழாகும். முடிவு அட்டவணையின் தலைப்பிலேயே கியூபிட் எண்களை அச்சிட்டால் போதும்.

பழைய பாட நிரல்களும் ஆளைக் கவிழ்க்கின்றன. 2024இல் வந்த கிஸ்கிட் 1.0இல், சர்க்யூட்டை ஓட்டப் பழைய நிரல்கள் பயன்படுத்திய ‘எக்ஸிக்யூட்’ கட்டளை இல்லை. கிஸ்கிட்டின் ‘ஏர்’ சிமுலேட்டரைத் தனியாக நிறுவ வேண்டும். பாட நிரலோடு பதிப்பு எண்ணையும் பூட்டிக் கொடுக்க வேண்டும். ‘இறக்குமதி இயலவில்லை’ என்று நிற்கும் செய்தி, பதிலுக்கு எதை எழுதுவது என்று இன்னொரு வரி சேர்த்துச் சொல்லலாம்.

இப்படிக்கு,
சிமுலேட்டர் மென்பொருள் எழுதுவோர் சிலர்