விளக்கு எரிந்தால் போதுமா? வீடு புதுப்பிக்கும் குத்தகையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் வீடு புதுப்பிக்கும் குத்தகையாளர்களுக்கு வணக்கம்.

முப்பது ஆண்டு அலுவலகம் அலுவலகமாகக் கேபிள் இழுத்தவன் நான். இப்போது ஈசூனில் ஓய்வில் இருக்கிறேன். அதாவது, சொந்தக்காரர் வீட்டு வைஃபை பழுதெல்லாம் என் தலையில்.

அண்மையில் அக்கா மகள் பொங்கோலில் புது வீட்டுக்குக் குடிபோனாள். கட்டுவது 1 கிகாபிட்டுக்கான காசு. படுக்கையறை மேசைக்கு வந்தது 94 மெகாபிட். "மாமா, நெட் கம்பெனிக்காரன் நல்லா ஏமாத்துறான்" என்று பொரிந்தாள். 94 என்ற எண்ணைக் கேட்டதுமே எனக்குப் பொறி தட்டியது. கம்பி இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கினால் வேகச் சோதனை காட்டும் எண் ஏறக்குறைய அதுதான். சுவரில் இருந்த சாக்கெட்டைக் கழற்றினேன். எட்டுக் கம்பியில் நான்கைத்தான் சாக்கெட்டில் குத்திப் பொருத்தியிருந்தார்கள். மீதி நான்கையும் அறுத்து உள்ளே திணித்திருந்தார்கள். வேலை செய்தவரைக் கேட்டால், கேபிளைச் செருகியதும் கருவியில் மினுக்கும் இணைப்பு விளக்கைக் காட்டி, "விளக்கு எரியுதே, அப்புறம் என்ன?" என்கிறார்.

விளக்கு எரியும். நாம் ஆர்ஜே45 என்று சொல்லும் அந்த பிளக்கில் எட்டு முனை, கேபிளுக்குள் நான்கு முறுக்கு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய முனைகளே போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். மற்ற முனைகளில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் பெரும்பாலான கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். வீட்டுக்காரர் பாவம், சேவை நிறுவனத்தைத் திட்டிக்கொண்டே இருப்பார்.

எட்டையும் குத்தினால் மட்டும் போதாது, வரிசை வேண்டும். ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீலத்தை ஏன் வைக்க வேண்டும் என்று புதுப்பையன்கள் கேட்பார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு, ஜோடி ஜோடியாக அடுத்தடுத்து வைத்து, கேபிளின் இரு நுனியிலும் அதே மாதிரி பிளக்கை அழுத்திப் பொருத்தி, அதாவது கிரிம்ப் செய்துவிடுவார்கள். கேபிளைச் சோதிக்கும் இருபது வெள்ளி டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு அழகாக எரியும். ஆனால் 3, 6 ஆகிய முனைகள் ஒரே முறுக்கில் வர வேண்டியவை. இப்போது வெவ்வேறு முறுக்கில் ஓடுகின்றன. இதைத்தான் 'பிரிந்த ஜோடி' என்போம். இரைச்சல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும், வேகம் தள்ளாடும், ஏன் என்று யாருக்கும் விளங்காது. முறுக்கை அவிழ்ப்பதிலும் கஞ்சத்தனம் வேண்டும், 13 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது.

போன் கம்பியின் சின்ன பிளக்கும் இந்த சாக்கெட் ஓட்டையில் நுழையும். நுழைத்தால் ஓரத்து முனைகள் நசுங்கும். அதை உங்கள் ஆட்கள் செய்ய வேண்டாம், வீட்டுக் குழந்தைகளே செய்துகொள்வார்கள்.

அடுத்தது, வரவேற்பறையில் இருக்கும் ஃபைபர் பெட்டி. அதில் ஒளியிழையை இணைக்கும் பச்சை நிற எஸ்சி வகைக் கனெக்டரின் நுனியை, திரும்பி வரும் ஒளி நேரே பாயாதிருக்க 8 பாகை சாய்வாகத் தீட்டியிருப்பார்கள். நீல நிறத்தது சாய்வில்லாதது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும், அதுதான் தொல்லை: நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும், முனையும் கெடும். ஒளி ஓடும் நடுப்பகுதியின் அகலம் 9 மைக்ரோமீட்டர்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அலங்காரச் சுவருக்காக அந்தப் பெட்டியை நகர்த்துகிறீர்கள், சுண்ணாம்புத் தூசிக்கு நடுவே மூடியில்லாமல் தொங்கவிடுகிறீர்கள். நாட்டின் ஃபைபர் கட்டமைப்பை 10 கிகாபிட்டுக்கு உயர்த்த 2024-இல் அரசாங்கம் 10 கோடி வெள்ளி வரை ஒதுக்கியது. அந்த வேகம் வாசல்வரை வந்து ஒரு பொட்டுத் தூசியில் முடங்க வேண்டுமா?

இன்னொன்று. கேபிளின் தர வகையைக் 'கேட்' என்று எண் போட்டுச் சொல்வோம்; 'கேட் 8' கேபிள் என்று சொல்லிக் கூடுதல் காசு வாங்காதீர்கள். அது தரவு நிலையங்களில் 30 மீட்டருக்குள் ஓட வேண்டியது. ஒழுங்காக முடித்த கேட் 6 கேபிளே ஏறக்குறைய 55 மீட்டர் வரை 10 கிகாபிட் தாங்கும். எந்த அடுக்குமாடி வீட்டில் 55 மீட்டர் இருக்கிறது?

நான் கேட்பது இவ்வளவுதான். பொய்க்கூரையை மூடுவதற்கு முன் ஒவ்வொரு சாக்கெட்டையும், பிரிந்த ஜோடியைக்கூடக் காட்டிக்கொடுக்கும் டெஸ்டரில் சோதியுங்கள். எந்த சாக்கெட் எங்கே போய் முடிகிறது என்று ஒரு தாளில் எழுதி, சாவியோடு வீட்டுக்காரரிடம் கொடுங்கள். மூடிய பிறகு பழுது பார்ப்பதென்றால் கூரையை உடைக்க வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் என்பதில்தான் சண்டையே வருகிறது.

வண்ண வரிசை அட்டை வேண்டுமானால் தமிழிலேயே எழுதித் தருகிறேன். கேபிள் இழுக்கும் தம்பிகளில் பலர் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம்தானே.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு பழைய கேபிள்காரன்