பின்னணி இசைக்கு ஒரே ஒரு வரிதானா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல வந்த மூணு பட விமர்சனத்தையும் உக்காந்து படிச்சேன். கதை, நடிப்பு, கேமரா, பாட்டு எல்லாத்துக்கும் எடம் குடுத்திருந்தீங்க, பின்னணி இசைக்கு மட்டும் மூணுலயும் கடைசில "படத்துக்குப் பலம்"னு ஒரு வரி. என்ன பலம், எந்த சீன்ல, எந்த வாத்தியத்தால, ஒண்ணும் இல்ல. ஒருத்தர் ரீல் ரீலா பாத்து எழுதி, அதை அத்தனை பேரு கூடி வாசிச்சிருக்காங்க, அவ்வளவையும் ஒரு வரில தாண்டிப் போறது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு, அதான் இந்த கடிதம்.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல 22 வருஷமா வேலை பாக்குறேன், நூல் நூக்குற ரிங் ஃபிரேம் மிஷின் செக்ஷன். உள்ள ஆள் பேசுறது ஆளுக்குக் கேக்காது, அவ்வளவு இரைச்சல். ஆனா அந்த இரைச்சலுக்குள்ள ஒரு பேரிங் தேய ஆரம்பிச்சா எங்களுக்குத் தெரிஞ்சிரும், மிஷின் பக்கத்துல போகாமலே எதுல கோளாறுன்னு காட்டிருவோம், புதுசா சேர்ற பசங்களுக்கு எல்லாம் ஒரே சத்தமாத்தான் கேக்கும், ஆறு மாசம் போனா அவங்களுக்கும் பிரிஞ்சு கேக்க ஆரம்பிச்சிரும். ஆர்கெஸ்ட்ராவும் அப்படித்தான்னு எனக்கு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது.

புரிய வச்சது எங்க தெருவுல இருக்குற ஒரு அண்ணன், சர்ச் கொயர்ல வயலின் வாசிக்கிறவரு. ஒரு நாள் நைட் ஷிப்ட் முடிச்சு வர்றப்ப திண்ணையில உக்காந்து ஹெட்போன்ல ஏதோ கேட்டுக்கிட்டு இருந்தாரு, கழட்டி என் காதுல மாட்டிவிட்டு "மேல ஓடுற வயலின விட்ருப்பா, கீழ செல்லோ என்ன பண்ணுதுன்னு மட்டும் கேளு"ன்னாரு. எனக்கு செல்லோன்னா என்னன்னே தெரியாது, வயலின் சாதிதான், ஆனா பெருசு, ஆம்பள குரல் மாதிரி தடிமனா ஒண்ணு இழுத்துக்கிட்டுப் போகும் பாருன்னாரு. நாலு தடவ திருப்பித் திருப்பிப் போட்டதுக்கு அப்புறம் கேட்டுச்சு சார். மேல ஒரு கதை ஓடிக்கிட்டு இருக்கு, கீழ அதுக்குப் பதில் சொல்ற மாதிரி இன்னொண்ணு போகுது, இத்தனை வருஷமா அதே பிட்ட டிவில கேட்டுருக்கேன், கீழ இருந்தது காதுல விழுந்ததே இல்ல. அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல.

அவரு சொல்லிக் குடுத்த வழி ரொம்ப சுலபம். ஒரு சீன முதல்ல கண்ண மூடிட்டு இசைய மட்டும் கேக்கணும், அடுத்து சத்தத்த நிறுத்திட்டு படத்த மட்டும் பாக்கணும், அப்புறம் ரெண்டையும் சேத்துப் பாக்கணும். மூணாவது தடவ பாக்குறப்ப அது வேற சீனா தெரியும்.

ஸ்பீல்பெர்க்கோட 'ஜாஸ்' (1975)ங்குற சுறாப் படத்த என் மக கூட இப்படித்தான் பாத்தேன், எட்டாவது படிக்கிறா. ஜான் வில்லியம்ஸ் இசை. பக்கத்துப் பக்கத்துல இருக்குற ரெண்டே ரெண்டு சுரம், செல்லோவும் அதவிடப் பெரிய டபுள் பேஸும் அடித்தொண்டையில மாத்தி மாத்தி வாசிக்கும், முதல்ல மெதுவா, இடைவெளி விட்டு, அப்புறம் நெருங்கி நெருங்கி வரும். வில்லியம்ஸ் முதல்ல பியானோவுல இத வாசிச்சுக் காட்டினப்ப ஸ்பீல்பெர்க் ஏதோ விளையாட்டுக்குப் பண்றாருன்னு நெனச்சு சிரிச்சிட்டாராம். ஆனா படத்துல பாதி நேரம் சுறாவக் கண்ணால பாக்க முடியாது, அந்த ரெண்டு சுரம்தான் சுறா. இதுல எனக்குப் பெருசா படுறது இசை இல்லாத எடம். ரெண்டு பசங்க அட்டையில சுறாவோட முதுகுத் துடுப்பு மாதிரி செஞ்சு தண்ணில நீந்தி ஊரையே மிரட்டுவாங்க, கரையெல்லாம் அலறி ஓடும், ஆனா அங்க அந்த இசை வராது. என் மக சட்டுனு, "அப்பா, மியூசிக் வரலையே, அப்ப இது நெஜ சுறா இல்ல"ன்னா. யாரும் அவளுக்குச் சொல்லிக் குடுக்கல, படம் ஆரம்பிச்சதுலேர்ந்து இசையே அவளுக்குப் பழக்கி வச்சிருக்கு. இப்படிப் பழக்கி நம்ப வச்சிட்டு, பின்னாடி ஒரு எடத்துல போலீஸ்காரர் படகுல நின்னு மீன் இரைய அள்ளிப் போட்டுக்கிட்டு இருக்குறப்ப எந்த இசையும் இல்லாம சுறா தலைய நீட்டும் பாருங்க, நாங்க ரெண்டு பேருமே தூக்கிவாரிப் போட்டு உக்காந்தோம்.

ஹிட்ச்காக்கோட 'சைக்கோ'வும் (1960) இதே மாதிரி ஒரு பாடம். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் முழுப்படத்துக்கும் தந்தி வாத்தியம் மட்டும்தான் வச்சாரு, ட்ரம்பெட் இல்ல, புல்லாங்குழல் இல்ல, டிரம் கூட இல்ல. குளியலறையில ஒரு பொண்ண குத்திக் கொல்ற அந்த சீனுக்கு இசையே வேணாம்னுதான் ஹிட்ச்காக் சொல்லியிருந்தாரு, ஹெர்மன் பேச்ச மீறி எழுதினாரு, கேட்டுப் பாத்துட்டு டைரக்டரே மனச மாத்திக்கிட்டாரு. இன்னைக்கு அந்த வயலின் கிறீச்சிடல் இல்லாம அந்த சீன யாரால நெனச்சுப் பாக்க முடியும்?

நம்ம ஊருக்கு வருவோம், எனக்கு ஆதங்கமே இங்கதான். 'அன்னக்கிளி' 1976ல வந்துச்சு, அன்னைலேர்ந்து இளையராஜா பின்னணி இசையில பண்ணினத உலகத்துல எந்த ஊரு ஆர்கெஸ்ட்ரா இசைக்குப் பக்கத்துலயும் தைரியமா வைக்கலாம். ரீலப் போட்டுப் பாப்பாரு, உக்காந்து நேரா நோட்ஸ் எழுதுவாரு, அதப் பாத்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியா எழுதி எடுத்துக் குடுப்பாங்க, வாசிச்சிருவாங்க. அந்தக் காலத்துல எல்லாரும் ஒண்ணா உக்காந்து வாசிக்கணும், ஒருத்தர் தப்பு பண்ணா அத்தனை பேரும் மறுபடி முதல்லேர்ந்து. 'தளபதி' (1991) எடுத்துக்கோங்க, 'சின்னத்தாயவள்' மெட்டு பாட்டோட முடிஞ்சு போறதில்ல, தாய் மகன் நெனப்பு வர்ற எடத்துலயெல்லாம் வார்த்தை இல்லாம வாத்தியத்துல திரும்பி வரும். கோயில்ல ரயில் சத்தம் கேக்குற அந்த சீன், பெத்தவளுக்கும் பிள்ளைக்கும் ஒருத்தர ஒருத்தர் யாருன்னு தெரியாது, நமக்குத் தெரியும், இசைக்குத் தெரியும். அத எத்தன தடவ கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

'ஹே ராம்' (2000) படத்துக்கு புடாபெஸ்ட் போய் அங்கத்த ஆர்கெஸ்ட்ராவ வச்சு ரெக்கார்ட் பண்ணாரு. 'பழசிராஜா'வுக்கு (2009) பின்னணி இசைக்குன்னே தனியா தேசிய விருது குடுத்தாங்க, பாட்டுக்கு வேற, பின்னணி இசைக்கு வேற. ஆஸ்கர்லயும் அப்படித்தான், ரஹ்மான் 2009ல ரெண்டு வாங்கினாருன்னா அது ரெண்டு வேற வேற வேலைக்குத்தான். விருது குடுக்குறவங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியுது, நமக்கு மட்டும் இன்னும் மியூசிக்னா பாட்டுத்தான். 2025 மார்ச் 8ம் தேதி ராஜா சார் லண்டன்ல ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோட தன் சிம்பொனிய அரங்கேத்துனாரு, நாமெல்லாம் கொண்டாடுனோம், நானும் எங்க லைன்ல எல்லாருக்கும் முட்டாய் வாங்கிக் குடுத்தேன். ஆனா சிம்பொனி எழுதுற அந்தக் கை நம்ம படங்களுக்குள்ள அம்பது வருஷமா எழுதிக்கிட்டேதான இருந்துச்சு, அத யாரு உக்காந்து கேட்டோம்?

கேக்கலாம்னு தேடினாலும் ஒழுங்கா கிடைக்காது சார். பழைய படங்கள்ல முக்காவாசிக்கு பாட்டு மட்டும்தான் கேசட்டா, சிடியா வந்துச்சு, பிஜிஎம் தனியா வரவே இல்ல. ரசிகருங்க டிவிடிலேர்ந்து வெட்டி எடுத்துப் போட்ட பிட்டுங்கள வச்சுத்தான் ஓட்டுறோம், அதுல பாதி எடத்துல வசனம் ஏறி நிக்கும், மழை சத்தம், கார் ஹாரன் எல்லாம் சேந்து கேக்கும். டிவில போட்டா டைட்டில் மியூசிக் பாதில விளம்பரம். எங்க ஊர் தியேட்டர் ஒண்ணுல கடைசி ஷாட் முடியிறதுக்குள்ள லைட்ட போட்டு கதவத் திறந்து விட்டுடுறாங்க, ஆர்கெஸ்ட்ரா வாசிச்சுக்கிட்டு இருக்கும், நான் மட்டும் சீட்டுல உக்காந்திருப்பேன், கூட்ட வந்த அம்மா பக்கத்துல நின்னு "எந்திரிங்க தம்பி"ம்பாங்க. அவங்கள சொல்லி என்ன, அடுத்த ஷோவுக்கு அவங்களுக்கு நேரம் ஆகுது.

அதனால நம்ம பேப்பர்கிட்ட நான் கேக்குறது இதுதான். விமர்சனத்துல பின்னணி இசைக்கு ஒரு அஞ்சு வரி குடுங்க. எந்த சீன்ல இசை என்ன பண்ணுச்சு, எந்த எடத்துல சும்மா இருந்துச்சு, எந்த எடத்துல வசனத்து மேல ஏறி கத்துச்சு, அத எழுதுங்க, நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னே எழுதுங்க. வாசிச்சவங்க பேரு கிடைச்சா போடுங்க. இன்னார் வயலின், இன்னார் செல்லோன்னு பேப்பர்ல அச்சுல பாத்தா அந்த வீட்டுல அத வெட்டி எடுத்து பத்திரமா வைப்பாங்க. பழைய படத்து ஒரிஜினல் டேப் யாருகிட்டயாவது இருந்தா அது கெட்டுப் போறதுக்குள்ள பின்னணி இசைய தனியா வெளியிடச் சொல்லி கம்பெனிக்காரங்க காதுலயும் போடுங்க, காசு குடுத்து வாங்க நான் தயார், எங்க தெரு அண்ணனும் தயார்.

இப்படிக்கு,
மில் தொழிலாளி ஒருவர்,
திண்டுக்கல்.