இடத்தனும் வலத்தனும்

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

அன்பின் தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். இரணைமடுவில வான்கதவு திறந்துவிட்டிருக்கினம், வாய்க்கால் முட்டத் தண்ணி. பயிர் குடலையில நிக்குது, இனி வெள்ளம் மட்டும் கூடாமல் இருந்தாக் காணும். கொம்மாவுக்கு முழங்கால் நோ அப்பிடியேதான். அவ எண்ணெய் பூசுறதையும் விடுறாவில்லை, நோவும் அவவை விடுகுதில்லை.

நீ போனமுறை வந்து நிண்டிட்டுப் போகேக்க, "அப்பா, இதைப் பாத்திட்டு எப்பிடி எண்டு சொல்லுங்கோ, நான் நேர இருந்து பாத்தது" எண்டு ஒரு பென்டிரைவைத் தந்திட்டுப் போனாயெல்லோ. அது சாமித்தட்டில திருநீத்துக் குடுவைக்குப் பக்கத்தில நாலைஞ்சு மாதம் கிடந்தது. பள்ளிக்கூட லீவுக்கு வந்து நிண்ட கொக்காவின்ர சின்னவன்தான் கண்டுபிடிச்சு ரீவியில குத்திவிட்டான். மூண்டு இரவு இருந்து பாத்தம். நீ போனில கேக்க "நல்லம்" எண்டு சொல்லி விட்டிட்டன். போனில உதுக்கு மேல எனக்குக் கதை வராது, நீயும் ஒரு கையில சாப்பாட்டுப் பெட்டியோட ஓடிக்கொண்டு நிப்பாய். அதுதான் எழுதுறன்.

முதல்ல ஒரு பழைய கணக்கு. 2002இல பாதை திறந்த கையோட, சந்திக் கடையில ஜெனரேற்றர் போட்டு ஓடின ரீவியில ரெஸ்லிங் பாக்க எண்டு போய் இருட்டினாப் பிறகு வீட்டை வருவாய். "எல்லாம் முதலே பேசிவைச்சுச் செய்யிற விளையாட்டு, உதுக்கு ஏன்ரா உயிரை விடுறாய்" எண்டு ஏசினது நான்தான். பேசிவைச்சதுதான், இப்பவும் அதில மாற்றமில்லை. ஆனா காத்தவராயன் கழுவேறப்போறார் எண்டு தெரியாமலோ நாங்கள் விடியவிடியப் பாயில இருந்து கூத்துப் பாத்தனாங்கள்? முடிவு அண்ணாவியாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆடுறவன் எப்பிடி ஆடுறான் எண்டுதான் பாக்கிறது. அண்டைக்கு ஏசினதைத் திருப்பி எடுக்கிறன்.

இனிச் சண்டைக்கு வாறன். 2016ஆம் ஆண்டு என்எக்ஸ்ரி எண்ட ரெஸ்லிங் நிகழ்ச்சியில நடந்த டஸ்ரி ரோட்ஸ் நினைவுச் சோடிப்போட்டி. அந்த ரோட்ஸ் எண்ட மனிசன் பழைய ரெஸ்லிங்காரன், 2015 ஆனியில செத்தவர், அந்த வருசமே அவற்ற பேரில தொடங்கினது. பேரன் தேடி வாசிச்சுக் காட்டினான்: குழாய் பொருத்துற தொழிலாளி ஒருத்தற்ற மகன், வண்டியும் தொந்தியுமாய் ஆள். தறியில வேலை போனவன், கார்ப் பட்டறையில வேலை போனவன், கொம்பியூட்டர் வந்து தன்ர இடத்தைப் பிடிச்சதால வீட்டை அனுப்பப்பட்டவன், அவங்களுக்குத்தான் கஷ்டகாலம் எண்டு 1985இல மைக்கைப் பிடிச்சுக் கதைச்சிருக்கிறார். சனம் இண்டைக்கும் அந்தப் பேச்சைப் போட்டுக் கேக்குதாம். நானும் கேட்டன். பாசை விளங்கேல்லை, ஆனா குரல் விளங்கினது.

16 சோடி, தோத்தா வெளியில. கிழமைக்குக் கிழமை ஓடி, கடைசிப்போட்டி கார்த்திகை 19, உங்கட ரொறன்ரோவில, எயார் கனடா சென்ரரில. கமரா சனத்துப் பக்கம் திரும்பிற நேரமெல்லாம் கொம்மா "நிப்பாட்டு, நிப்பாட்டு" எண்டு சின்னவனைப் போட்டு வருத்தினா. ரெண்டாம் இரவு ஓரிடத்தில ரெண்டு பெடியள், ஒருத்தன்ர தோளில ஒருத்தன் கைபோட்டபடி வாயைப் பிளந்து கத்திக்கொண்டு நிக்கிறாங்கள். முகம் துலக்கமில்லை. அது நீயும் வாய்க்கால்வீட்டுப் பெடியனும்தான் எண்டு கொம்மா அடிச்சுச் சொல்லுறா. நான் மறுக்கேல்லை.

சோடிச்சண்டையை முந்தி நான் ஒழுங்காய்ப் பாத்ததில்லை. இப்பதான் கவனிச்சன், மூலைக் கம்பத்தில ஒரு துண்டுக் கயிறு தொங்குது. வெளியில நிக்கிறவன் அந்தக் கயித்தை ஒரு கையால பிடிச்சுக்கொண்டு மற்றக் கையைத்தான் நீட்டலாம். கை கையில பட்டாத்தான் உள்ளுக்கை வரலாம். உள்ளுக்கை நிக்கிறவன் அடிவாங்கித் தவண்டு தவண்டு வாறான், எதிராளி காலைப் பிடிச்சுத் திரும்ப நடுவுக்கு இழுக்கிறான். வெளியில நிக்கிறவன் கயித்தை விட்டிட்டு ஓடினா நடுவர் அவனை மறிக்கப் போவார், அந்த நேரம் பாத்து மற்றப் பக்கத்தில ரெண்டு பேராய்ச் சேந்து மொங்குவாங்கள். ஆகையால் கூட்டாளி அடிவாங்கிறதைப் பாத்துக்கொண்டு, கயித்தை விடாமல் நிக்க வேணும். அடிக்கிறது, தூக்கிப் போடுறது எல்லாம் பழகினா வரும். இந்த நிண்டுகொண்டிருக்கிறது லேசில வராது.

நான் ஆளை ஆளாய்ப் பாக்கேல்லை, சோடியாய்ப் பாத்தன். அப்புவோட மாட்டுவண்டில் சவாரிக்குத் திரிஞ்ச கண், வேற மாதிரிப் பாக்கத் தெரியாது. எங்கட வீட்டில கடைசியாய் நிண்ட சவாரிச் சோடியைப் பற்றி உனக்குச் சொன்னனோ தெரியாது, நீ பிறக்க முந்தி. இடத்தன் மயிலை, வலத்தன் சிவலை. சிவலை ஒரு மாரிக்கு நோய்ப்பட்டுச் செத்துது. அப்பு கடன்பட்டுப் பரந்தன் பக்கம் ஒரு வடக்கன் மாடு வாங்கிவந்து பூட்டினார். ஓட்டத்தில சிவலையை விட ஒரு பங்கு கூட. ஆனா அந்தச் சோடி ஒரு திடலிலயும் வெல்லேல்லை. புதுசு முந்த மயிலை பிந்தும், மயிலை எட்டிவைக்கப் புதுசு திமிறும், வண்டில் கோணிக்கொண்டு போகும். ஒரு நாள் விடியப்புறம் நான் போய்ப் பாக்கிறன், மயிலையைத் தனியத்தான் கட்டியிருக்கு. அது வலப்பக்கம் ஒரு மாட்டுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிக்குது.

கடைசிப்போட்டியை இந்தக் கண்ணோட பாத்தா, தம்பி, எனக்குத் திருப்தியில்லை. வெண்டது ஓதேர்ஸ் ஒஃப் பெயின், அகாம், றெசார் எண்ட ரெண்டு தடியன்கள். பாக்க நல்ல சோடிதான், ஒரே மொத்தம், ஒரே கறுப்பு உடுப்பு. அகாம் உங்கட கனடாவில பிறந்த பஞ்சாபிப் பெடியன், முறையான மல்யுத்தம் பழகினவன் எண்டு சின்னவன் சொன்னான், அதைக் கேட்டாப் பிறகு கொம்மா அவன்ர பக்கம். எதிர்ப்பக்கம் ரீஎம் 61, ரெண்டு அவுஸ்ரேலியாப் பெடியள், யப்பானில போய் அடிபட்டுத் தொழில் படிச்சவை. பறந்து பறந்து அடிக்கிறாங்கள், தடியன்கள் பிடிச்சுப் பிடிச்சு எறியிறாங்கள். அவ்வளவுதான். நெல்லு மூட்டை ஏத்தி இறக்கிறதைப் பாத்த மாதிரி. பலம் இருக்கு, கதை இல்லை.

போதாக்குறைக்கு அந்தத் தடியன்களின்ர மனேச்சர் போல் எல்லரிங்கை ஒரு கூட்டில அடைச்சு மேடைக்கு மேல தொங்கவிட்டிருக்கிறாங்கள், இடையில புகுந்து களவு செய்யாமல் இருக்க. சவாரி ஓடேக்க திடலோரப் பனையில ஒருத்தன் ஏறி நிண்டா சனம் மாட்டையோ பாக்கும்? என்ர கண் முழுக்கக் கூட்டிலதான். ஆனா அந்த மனிசனைக் கொண்டுவந்ததில ஒரு நுட்பம் இருக்கு, அதைச் சொல்லத்தான் வேணும். 1986இல நியூ ஓர்லியன்சில 24 சோடி இறங்கின குரொக்கெட் கிண்ணத்தை ரோட் வொரியர்ஸ் எண்ட சோடி வெல்லேக்க அவைக்கு மனேச்சர் இதே எல்லரிங். டஸ்ரி ரோட்ஸ் அந்தப் போட்டியை நடத்தின கொம்பனியில இருந்த காலம். முப்பது வருசம் கழிச்சு, செத்த மனிசன்ர பேரில நடக்கிற போட்டிக்கு அந்தக் காலத்து ஆள் ஒருத்தர் புதுச் சோடியோட வாறார். யோசிச்சவன் கெட்டிக்காரன். பிறகு அவரைக் கூட்டில போட்டுக் கெடுத்திட்டான்.

பழம் ரோட்ஸ் கிண்ணத்தில இல்லை, தம்பி, பக்கத்துக் கொப்பில. அதே இரவு சோடிச் சாம்பியன் பட்டிக்கு நடந்த சண்டை, ரிவைவலும் டிஐவையும், மூண்டில ரெண்டு வெல்ல வேணும். டிஐவை, அதுதான் ஜொனி கார்கானோவும் ரொமாசோ சியாம்பாவும், கிண்ணத்தில அரையிறுதிமட்டும் வந்து அந்தத் தடியன்களிட்டைத் தோத்தவை. ரெண்டு பேரும் கட்டை, ஆளுக்காள் உருவத்திலயும் பொருத்தமில்லை, ஒருத்தன் மொட்டை தாடி. சவாரிக்காரன் எவனும் தரகர் சொன்னாலும் இந்தச் சோடியை வாங்கமாட்டான். ரிவைவல், டாஷ் வைல்டரும் ஸ்கொட் டோசனும், பழைய ஆக்கள் மாதிரிச் சண்டை. குத்துக்கரணம் இல்லை, குத்து மட்டும் எண்டு சேட்டில அடிச்சுப் போட்டுக்கொண்டு திரியிறவங்களாம். கள்ளன்கள்தான். ஆனா தொழில் சுத்தம். எதிராளியைத் தங்கட மூலைக்குள்ள வைச்சுப் பூட்டுறதும், கை நீட்டுற நேரம் பாத்து மற்றவனைக் கீழ இழுத்து விழுத்துறதும், மடை மறிக்கிறவன் மண்வெட்டி வைக்கிற மாதிரி, ஒரு வெட்டு வீண் இல்லை.

முதலாவதை ரிவைவல் எடுத்தாங்கள், ரெண்டாவதை டிஐவை. இருவது நிமிசத்துக்கு மேல போன சண்டை, நான் வெத்திலைத் தட்டம் மடியில இருக்க வாய்க்குள்ள போட மறந்து இருந்தன். கடைசியில கார்கானோ ஒருத்தன்ர கழுத்தை மடக்கிப் பிடிச்சிட்டான், சியாம்பா மற்றவன்ர கையை முறிக்கிற மாதிரிப் பிடிச்சிட்டான். ஒருத்தன் நிலத்தில தட்டினாலும் தோல்வி. ரிவைவல்காரங்கள் ரெண்டு பேரும் ஆளுக்கு மற்றக் கையை எட்டி, ஒருத்தன்ர கையை ஒருத்தன் இறுக்கிப் பிடிச்சாங்கள், மற்றவன் தட்டிப்போடாமல் இருக்க. உந்த இடத்தில படத்தை நிப்பாட்டிப் பார். அந்த ரெண்டு கையும் நடுங்கிறது தெரியும். பிறகு கை விடுபட்டு ரெண்டு பேரும் ஒண்டாய்த் தட்டினாங்கள். கள்ளன்கள் எண்டு அதுவரையும் ஏசிக்கொண்டிருந்த கொம்மா, "ஐயோ பாவம் பெடியள்" எண்டா.

அண்டைக்கு நடந்த மற்றச் சண்டையளைப் பற்றி எழுத ஒண்டுமில்லை. யப்பான்காரி அசுக்கா மிக்கி ஜேம்சை வெண்டதைப் பாத்திட்டு, உந்தப் பிள்ளை அருவி வெட்டுக்கு வந்தா ரெண்டு ஆளின்ர கூலி மிச்சம் எண்டு கொம்மா சொன்னதை மட்டும் எழுதச் சொன்னா.

சின்னவன் மிச்சக் கதையைத் தன்ர போனில காட்டினான். 2017 தை மாதமே தடியன்கள் டிஐவையிட்டை இருந்து பட்டியைப் பறிச்சிட்டாங்கள். வைகாசி 20, சிக்காக்கோவில ஏணி வைச்சு ஒரு சண்டை, அதையும் டிஐவை தோத்தினம். தோத்தாலும் சனம் எழும்பி நிண்டு கைதட்ட, ஒருத்தனை ஒருத்தன் தாங்கிக்கொண்டு நிக்கினம். நிகழ்ச்சி முடிஞ்சுது எண்டு கீழ எழுத்தும் விழுந்திட்டுது. அந்த எழுத்து விழுந்தாப் பிறகுதான் சியாம்பா கார்கானோவைத் தூக்கி எறியிறான். பேசிவைச்சதெண்டு தெரியும், தெரிஞ்சும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. பிறகு கனகாலம் ஆளை ஆள் அடிச்சுத் திரிஞ்சிருக்கினம்.

2024 ஆடி 5, ரெண்டு பேரும் திரும்பச் சேந்து, தியரி, வோலர் எண்ட சோடியை அடிச்சுப் பெரிய பட்டியை எடுத்திருக்கினம். எங்க எண்டு பாத்தா உங்கட ரொறன்ரோவிலதான், அதே கட்டிடம், பேர்தான் ஸ்கோஷியாபாங்க் அரீனா எண்டு மாறினது. நீ அண்டைக்குப் போகேல்லை. டிக்கெற் விலை எண்டு அக்காவுக்குச் சொன்னியாம். 2016இல ரெண்டு பேராய் ஒரு மாதம் பஸ் காசு மிச்சம் பிடிச்சுப் போனதாய்ச் சொன்ன பிள்ளைதான் நீ. உங்கட ரெண்டு பேற்ற அந்த வான் யாவாரத்தில ஆர் எவ்வளவு போட்டது, ஆர் எவ்வளவு எடுத்தது எண்ட கணக்கு எனக்குத் தேவையில்லை, நான் கேக்கவும் இல்லை.

வாற புதன் சந்திக் கடைக்காரற்ற மருமோன் அங்க வாறார். ஐஞ்சு கிலோதான் கொண்டுவருவாராம். உனக்குப் புளுக்கொடியலும் கொம்மா இடிச்ச மிளகாய்த்தூளும் வைச்சிருக்கு. ஆள் போறது கேள்விப்பட்டு வாய்க்கால்வீட்டு மாமி நேற்றுப் பின்னேரம் தன்ர மகனுக்கெண்டு எள்ளுருண்டையும் ஒடியல்மாவும் கொண்டுவந்து தந்தவ. குந்தில இருந்து தேத்தண்ணி குடிச்சவ, ஒண்டும் கதைக்கேல்லை, நானும் கதைக்கேல்லை. ரெண்டு பொதியாய்க் கட்டினா பேப்பரும் ஒட்டுற ரேப்புமே கால்கிலோ தின்னும் எண்டு எல்லாத்தையும் ஒரே பொதியாய்க் கட்டி உன்ர பேரைப் போட்டிருக்கிறன். அவன்ர பங்கை நீதான் கொண்டுபோய்க் குடுக்க வேணும். எள்ளுருண்டை கனநாள் தாங்காது.

இப்படிக்கு,
அப்பா