கூடலூர் நிலச் சிக்கல்: 1969-க்கு முந்தைய கதை

ஆசிரியருக்கு,

கூடலூர் பிரிவு-17 நிலம் பற்றிய உங்கள் செய்தி, 1969-ஆம் ஆண்டு ஜென்ம (பரம்பரை நில உடைமை) ஒழிப்புச் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும், தோட்டங்களுக்குக் குத்தகை விடப்பட்ட நிலம்தான் இது. சிக்கல் அதைவிடப் பழையது.

1877 வரை நம்பாலக்கோட்டை, சேரங்கோடு, மூனநாடு அம்சங்கள் (வருவாய்க் கிராமங்கள்) மலபார் மாவட்டத்து வயநாட்டில் இருந்தன. பிறகு நீலகிரியோடு சேர்ந்தாலும் நில உரிமை மலபார் வழக்கப்படியே இருந்தது. பொதுவாகத் தரிசும் காடும் சர்க்கார் சொத்து என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். தன்னுடையது என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். மலபாரில் அந்த அனுமானம் செல்லாது என்று 1880-களில் வீரராயன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. நிரூபிக்கும் பாரம் சர்க்கார் தலையில் விழுந்தது, ஜென்மிகள் (பரம்பரை நில உடைமையாளர்கள்) கை ஓங்கியது. ஜென்மியான நிலம்பூர் கோவிலகத்திடம் (அரச குடும்பம்) குத்தகை வாங்கித்தான் எஸ்டேட்காரர்கள் காபியும் தேயிலையும் போட்டார்கள். (பழங்குடிகளான பணியரும் காட்டுநாயக்கரும் அதற்கு முன்பே அங்கே இருந்தார்கள். அவர்களிடம் ஏது பத்திரம்?)

1969 சட்டத்தில் காடுகளை அரசு எடுத்துக்கொள்வதற்கான பகுதி செல்லாது என 1972-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1974-இல் சட்டம், கோர்ட் சவாலிலிருந்து சட்டங்களைக் காக்க அரசியல் சாசனத்தில் வைத்த ஒன்பதாம் அட்டவணைக்குள் போனது. அதை எதிர்த்த வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள்.

இங்கே இன்னும் மண்ணெண்ணெய் விளக்கு எரிகிற வீடுகள் உண்டு. 'பிரிவு-17' என்றதும் மின் இணைப்பு மனு திரும்பி வருகிறது. அடுத்த கட்டுரையில் பழைய தீர்ப்புகளையும் சேர்த்து எழுதுங்கள்.

- ஒரு வாசகர், கூடலூர், நீலகிரி