குதிரை வண்டிப் பந்தயம்: புதிய கமிட்டிகளிடம் ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அறந்தாங்கியைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் குதிரை வண்டிப் பந்தயக் கமிட்டிகள் ஒவ்வொன்றாகக் கைமாறி வருகின்றன. கோயில் திருவிழாவை ஒட்டி எல்கைப் பந்தயம் (குறித்த எல்லை வரை ஓடித் திரும்பும் பந்தயம்) நடத்தி வந்த பெரியவர்கள் வயதாகி ஒதுங்கிவிட்டார்கள். முப்பதுகளில் இருக்கும் பிள்ளைகள் பொறுப்புக்கு வந்திருக்கிறார்கள். பாதிப் பேர் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் சம்பாதித்துவிட்டுத் திரும்பியவர்கள். நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பணியில் இருந்த காலத்தில் பந்தயத்தன்று மருந்துப் பெட்டியோடு எல்கையில் நின்றவன். அந்த உரிமையில் இந்தப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். வரும் தை மாதத்துக்கு முன்னால் எல்லா ஊர்க் கமிட்டியும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, எல்லோருக்கும் பொதுவான விதிகளை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

எங்கள் ஊர்ப் பந்தயத்தை நடத்திய பெரியவர் எதையும் எழுதி வைத்ததில்லை. குதிரையின் தோள் உயரத்தை மூங்கில் கம்பு வைத்து அளந்து, பெரிய குதிரை, நடுக்குதிரை, சின்னக் குதிரை என்று பிரித்துவிடுவார். சாரதி குடித்திருந்தால் வண்டியை விட்டு இறக்கிவிடுவார். அது சொந்த மருமகனாக இருந்தாலும் சரி. யாரும் மறுத்துப் பேசியதில்லை. அந்தச் சொல்லுக்கு இருந்த மரியாதை அவருடைய வயதுக்கும் நேர்மைக்கும் கிடைத்தது. பதவியோடு சேர்ந்து அது அடுத்தவர் கைக்கு வந்துவிடாது. இப்போது பொறுப்பேற்றிருக்கும் தம்பி அதே மாதிரி ஒரு குதிரையை அளந்து பெரிய குதிரைப் பிரிவுக்கு மாற்றினால், "பக்கத்து ஊரில் இதை நடுக்குதிரையில்தானே விட்டார்கள்?" என்று கேட்கிறார்கள். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. ஊருக்கு ஊர் அளவு மாறினால் யாரால்தான் சொல்ல முடியும்?

உயரத் தகராறு கூடப் பேசித் தீர்க்கக் கூடியது. என்னைத் தூங்க விடாதது மோட்டார் சைக்கிள்கள். போக வர எட்டு மைல் பந்தயம் என்றால், வண்டி கிளம்பிய மறுநொடி ஐம்பது அறுபது பைக்குகள் பின்னாலேயே கிளம்புகின்றன. ஆரன் அடிப்பது, குதிரையின் பக்கத்தில் ஓட்டிக் கத்துவது, ஒரு கையில் செல்போன் பிடித்துப் படமெடுப்பது. குதிரைக்குக் கண் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் பின்னால் இருப்பதும் ஓரளவு தெரியும். கண்ணுக்கு மறைப்பு கட்டிய குதிரைக்கோ சத்தம் மட்டும்தான் கேட்கும், என்ன வருகிறது என்று தெரியாது. மிரண்டு ஒதுங்க அதற்கு இடமில்லை, ஏனென்றால் பந்தயம் நடப்பது தார்ச் சாலையில், இரண்டு பக்கமும் ஜனம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பந்தயத்தில் திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு பைக் சக்கரத்தில் மோதி, வண்டி சாய்ந்து, குதிரையின் முன்னங்கால் எலும்பு முறிந்தது. ஐந்தரை வயதுக் குதிரை. பல்லைப் பார்த்து நானே வயது சொல்லியிருந்தேன். மாடு கால் முறிந்தால் கட்டுப் போட்டுப் படுக்க வைக்கலாம். குதிரை நீண்ட நாள் படுத்தால் குடலும் நுரையீரலும் தாங்காது, மூன்று காலில் நின்றாலோ நல்ல காலின் குளம்பு கெட்டுவிடும். டாக்டர் ஊசி போட்டு வேதனையை முடித்தார். அதை வளர்த்தவர் கடன் வாங்கி வாங்கியவர். சாலையோரத்தில் உட்கார்ந்து அழுத அவரையும் நாலு பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கமிட்டியில் யார்மீதும் வழக்கில்லை, யாரும் பொறுப்பும் ஏற்கவில்லை.

புதிய தலைவர்கள் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்துக்கும் தடை போட்டது நினைவிருக்கும். 2017 ஜனவரியில் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் நம் சட்டமன்றம் கொண்டுவந்த திருத்தம்தான் ஜல்லிக்கட்டைக் காப்பாற்றியது. 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தத் திருத்தம் பேசுவது காளைகளைப் பற்றித்தான். குதிரைக்கு அதில் இடமில்லை. நாளை யாராவது ஒரு விபத்துப் படத்தோடு நீதிமன்றம் போனால், நம்மிடம் காட்ட ஒரு காகிதம்கூட இல்லை. நாமே வகுத்துக் கடைப்பிடித்த விதி கையில் இருந்தால் பேச வாய்ப்பாவது உண்டு.

விதியில் என்ன இருக்க வேண்டும் என்பதற்குப் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டி மிருகங்களைப் பூட்டக் கூடாது என்று 1965-ஆம் ஆண்டு மத்திய விதியே சொல்கிறது. முள் வைத்த கம்பும் கடிவாளமும் கூடாது என்பதும் அதே விதிதான். நம் ஊரில் அமைச்சரோ எம்.எல்.ஏ.வோ கொடியசைக்க வரட்டும் என்று சித்திரை வெயிலில் பதினொரு மணி வரை குதிரையைப் பூட்டி நிறுத்துகிறோம். காலை ஆறரைக்குக் கிளம்பி எட்டரைக்குள் முடித்துவிடலாம்.

அப்புறம், ஓடி முடித்த குதிரையைப் பரிசோதிக்கும் வழக்கம் வர வேண்டும். நெடுந்தூரக் குதிரையேற்றப் போட்டிகளில், ஓட்டம் முடிந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் குதிரையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 64-க்கு இறங்கினால்தான் வெற்றி செல்லும். ஒரு ஸ்டெதஸ்கோப்பும் கைக்கடிகாரமும் போதும். குதிரையை வதைத்து முதலில் வந்தவனுக்குப் பரிசு இல்லை என்று தெரிந்தாலே சாரதியின் சவுக்கு தானாக இறங்கும். ரண ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி போட்ட சீட்டு இல்லாத குதிரையைச் சேர்க்கக் கூடாது. எல்லாக் கால்நடைகளையும் விடக் குதிரையைத்தான் அந்த நோய் எளிதில் பிடிக்கும், லாட ஆணிக் காயம் ஒன்று போதும். பைக்கில் பின்தொடர்ந்தால் அந்த ஊர் வண்டிக்குப் பரிசு ரத்து என்று வைத்தால், ஊர்க்காரர்களே தங்கள் பிள்ளைகளைத் தடுத்துவிடுவார்கள்.

பரிசுத் தொகையை ஏற்றுவதிலும் யூடியூபில் நேரலை விடுவதிலும் புதிய கமிட்டிகள் காட்டும் வேகம் எனக்குப் பிடிக்கும். பந்தயம் இல்லையென்றால் எங்கள் பக்கம் குதிரை வளர்க்க ஆளே இருக்காது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் குதிரைகளும் மட்டக் குதிரைகளும் சேர்ந்தே சுமார் 3.4 லட்சம்தான். 2012-ல் இருந்ததில் கிட்டத்தட்ட பாதி குறைந்துவிட்டது. அதனால்தான் பந்தயத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை, நன்றாக நடத்துங்கள் என்கிறேன்.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். பந்தயச் செய்தியில் முதல் பரிசு, கொடிப் பரிசு பெற்ற ஊர்களைத் தவறாமல் போடுகிறீர்கள். அதோடு, கால்நடை மருத்துவர் இருந்தாரா, எத்தனை மணிக்கு முடிந்தது, பைக்குகளைத் தடுத்தார்களா என்பதையும் இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். தன் ஊர்ப் பெயர் எந்தப் பக்கம் வருகிறது என்று ஒவ்வொரு கமிட்டியும் பார்க்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
அறந்தாங்கி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.